கூடுதல் பரிமாணமும் நான் படிக்காத நாலாவது அத்தியாயமும்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னைப் போனில் கூப்பிட்டார். யார் என்று சொல்ல மாட்டேன். நல்ல பிள்ளை, குரலில் பயம் இருந்தது.

"சார், எம்.எஸ்ஸி. பொண்ணு ஒண்ணு ஸ்ட்ரிங் தியரியிலதான் புராஜெக்ட் பண்ணுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிதுங்க. அதெல்லாம் பிசிக்ஸ்தானுங்களா? உடலாமுங்களா, வேண்டாமுங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஆளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார். இருக்கிறது. இதே கேள்விக்கு ஒருமுறை நான் யோசிக்காமல், வாயில் இட்லியை வைத்துக்கொண்டு, உடனே பதில் சொன்னேன். அந்த ஒரு பதிலில் ஒருவருடைய ஏழு வருட உழைப்பு போயிருக்கும். அதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் நான் எனக்குச் சாதகமாகத் திருத்திச் சொல்லிவிடுவேன்.

முதலில் என் யோக்கியதை. நான் மெல்லிய படல ஆள். கண்ணாடித் துண்டின் மேல் ஏதாவது ஓர் ஆக்சைடைப் பூசுவேன், சூடாக்குவேன், மின்தடையை அளப்பேன், கட்டுரை எழுதுவேன். அடுத்த வருடம் வேறு ஆக்சைடு. நம் பக்கத்தில் இயற்பியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேர் செய்தது இதுதான். பீரியாடிக் டேபிள் முடிவதற்குள் ஓய்வு வந்துவிட்டது. கையில் தொட்டு, மீட்டரில் படித்து, கிராஃபில் குறிக்க முடியாத எதையும் நான் மதித்ததில்லை. மதிக்காததை மறைத்ததும் இல்லை.

ஸ்ட்ரிங் தியரியைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உலகத்தின் அடியில் புள்ளி புள்ளியாகத் துகள்கள் கிடையாது, அதிர்ந்துகொண்டிருக்கும் மிக நுண்ணிய இழைகள் இருக்கின்றன என்கிறார்கள். அந்தக் கணக்கு ஒத்துவர வேண்டுமானால் நீளம், அகலம், உயரம் என்ற மூன்று திசை போதாது, இன்னும் ஆறோ ஏழோ வேண்டும். அவை ஏன் கண்ணில் படவில்லை? ரொம்பச் சின்னதாகச் சுருண்டு கிடக்கின்றன. கணக்கு அழகானது என்று கணக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஈர்ப்புவிசை அதில் தானாகவே வந்து விழுகிறதாம். ஆனால் இதுவரை எந்தச் சோதனையும் "ஆமாம், இருக்கிறது" என்று சொன்னதில்லை.

இதைக் கேட்டவுடன் எனக்குள் இருக்கும் கோமாளி எழுந்து உட்கார்ந்துவிடுவான். ஸ்டாஃப் ரூமில் இதற்காகவே ஒரு கதை வைத்திருந்தேன். "இது எப்படின்னாங்க, தரகர் ஒருத்தர் மாப்பிள்ளை கொண்டு வாராருங்க. மாப்பிள்ளை தங்கமானவருங்க, ஜாதகம் பத்துக்குப் பத்துப் பொருந்துதுங்க. ஆளைக் காட்டுங்கன்னா, நாப்பது வருசமா அடுத்த வாரம் வாராரு, அடுத்த வாரம் வாராருங்கறாருங்க." எப்போது சொன்னாலும் சிரிப்பு உத்தரவாதம். எட்டு வருடம் இந்த ஒரே கதையை வைத்து ஓட்டினேன். என் ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் அத்தனை பேரிடம் போய்ச் சேரவில்லை.

அப்படிப்பட்ட என்னைத்தான் எஸ்தருக்கு நெறியாளராகப் போட்டார்கள்.

எஸ்தர் பொள்ளாச்சிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எங்கள் கல்லூரியில் பகுதிநேர ஆராய்ச்சி மாணவி. ஊர் ஆனைமலைக்குப் பக்கம். அப்பா யாக்கோபு தோப்புக்காரர்களுக்குத் தென்னை ஏறுகிறவர், அம்மா கயிறு திரிக்கும் களத்தில் வேலை பார்த்தவர். எஸ்தர் வாரத்தில் ஐந்து நாள் பன்னிரண்டாம் வகுப்பு, ஆறாவது நாள் சனிக்கிழமை பஸ் பிடித்துக் கோயம்புத்தூர். ஏழு வருடம். பதிவுக்காலத்தை இரண்டு முறை நீட்டித் தந்துவிட்டார்கள், மூன்றாவது நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகம் எழுதியே கொடுத்துவிட்டது.

அவருடைய உண்மையான நெறியாளர் எங்கள் துறையின் ஒரே கோட்பாட்டு ஆள். மூன்று அத்தியாயம் முடிந்தபோது அவர் ஓய்வு பெற்று மகளிடம் பெங்களூருக்குப் போய்விட்டார். ஓய்வு பெற்றவர் நெறியாளராகத் தொடரக் கூடாது என்று விதி. அடுத்த மூத்தவர் துறைத்தலைவரான நான். ஆக, காகிதத்தில் நான். நீங்களும் ஒருநாள் இப்படிக் காகிதத்தில் நெறியாளர் ஆவீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்தர் சனிக்கிழமை வரும்போதெல்லாம் நான் வம்பிழுப்பேன். "ஏனுங்க அம்மணி, அந்த ஆறு பரிமாணத்துல ஒண்ணாவது கெடச்சுதுங்களா? நம்ம காலேஜ்ல வண்டி நிறுத்த எடம் பத்தலீங்க."

அவர் கோபப்பட மாட்டார். பையை மேசையில் வைத்துவிட்டுச் சொல்வார்: "கெடைக்கலீங்க சார். கெடைக்காத எடத்தை ஒவ்வொண்ணாக் குறிச்சுட்டு வாரேனுங்க."

அதில் அவர் ஆய்வு முழுவதும் இருந்தது. எனக்கு அது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

நாலாவது அத்தியாயம் தயாரானது. "நீங்க பாத்துச் சொன்னாத்தானுங்க சார் நான் பைண்டிங் கொடுக்க முடியும்" என்று கையில் கொடுத்தார். அதை ஸ்கூட்டரில் வைத்து கணபதியில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். திங்கட்கிழமை கல்லூரிக்குக் கொண்டுவந்தேன். மறுபடி வீட்டுக்குக் கொண்டுபோனேன். இப்படி மூன்று மாதம். அந்த அத்தியாயம் அளவுக்கு ஊர் சுற்றிய அத்தியாயம் உலகத்தில் இருக்காது. நடுவில் ஒருநாள் அதோடு சேர்த்து வைத்திருந்த நன்றியுரையை மட்டும் திறந்து, என் பெயர் எத்தனையாவது வரியில் வருகிறது என்று பார்த்துக்கொண்டேன். மூன்றாவது வரி. திருப்தி. மற்றபடி முதல் பக்கத்தில் இருந்த தொகையீட்டுக் குறியைப் பார்த்ததும் மூடிவிட்டேன்.

"படிச்சாச்சுங்களா சார்?"

"ஆச்சுங்க அம்மணி, பிரமாதம்" என்றேன். கையெழுத்தும் போட்டேன். 'என் மேற்பார்வையில் செய்யப்பட்டு என்னால் சரிபார்க்கப்பட்டது' என்ற சான்றிதழின் கீழே, பச்சை மையில்.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவருக்குப் படிக்காத முகம் தெரியாதா? சான்றிதழை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

பொது வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. வெளியூர்த் தேர்வாளரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவந்து, சாப்பிட வைத்து, அரங்கத்தில் உட்கார வைப்பது நெறியாளரின் வேலை. வந்தவர் தெற்குப் பக்கத்துப் பேராசிரியர், ஆய்வுக்கூடத்து ஆள், கறாரானவர் என்று பெயர். இட்லி வந்தது. இரண்டாவது இட்லியில் கேட்டார்: "சார், மனசுல பட்டதைச் சொல்லுங்க. இது பிசிக்ஸா?"

விருந்தாளி சாப்பிடும்போது எதிர்த்துப் பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். வீட்டுக்கு வந்தவர் சூரியன் மேற்கே உதிக்கிறது என்றாலும், சட்னி ஊற்றிவிட்டு, "இந்த வருசம் வெயிலும் சாஸ்தீங்க" என்போம். ஆனால் அன்றைக்குப் பழக்கத்தின் மேல் பழி போடக் கூடாது. அவரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. மாப்பிள்ளைக் கதையை எடுத்து விட்டேன். புரையேறும் வரை சிரித்தார். எனக்கு ஒரே பெருமை.

அரங்கம் நிறைந்திருந்தது. பொதுத் தேர்வு என்பதால் யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம். மாணவர்கள், துறைக்காரர்கள், எஸ்தரின் பள்ளியிலிருந்து ஐந்தாறு ஆசிரியைகள். முன்வரிசையில் யாக்கோபு, வெளுத்த வெள்ளைச் சட்டையில், முழங்கைக்கு மேல் மடித்து விட்டுக்கொண்டு. எல்லோருக்கும் என்று இரண்டு கோணியில் இளநீர் கொண்டுவந்து வாசலில் இறக்கியிருந்தார். "டீ வேண்டாமுங்க சார், வெயிலுக்கு இதுதானுங்க" என்றார் என்னிடம்.

எஸ்தர் நாற்பது நிமிடம் பேசினார். தூரம் இரட்டிப்பானால் ஈர்ப்பு கால்பங்காகும் என்பது பள்ளிக்கூட விதி. கூடுதலாக ஒரு பரிமாணம் சின்னதாகச் சுருண்டிருந்தால், ரொம்பக் கிட்டத்தில், தலைமுடியின் தடிமன் போன்ற இடைவெளிகளில், அந்த விதி பிசக வேண்டும். உலகத்தில் சிலர் அத்தனை சின்ன இடைவெளியிலும் ஈர்ப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். பிசகவில்லை. அப்படியானால் எந்த அளவுக்கு மேல் சுருண்ட பரிமாணம் இருக்க முடியாது? ஸ்ட்ரிங் தியரியிலிருந்து வரும் எந்தெந்த மாதிரிகள் இதனால் அடிபட்டுப்போகின்றன? இதுதான் ஆய்வு. நான் முதல் தடவையாகக் கேட்டேன். என் மாணவியின் ஆய்வு எதைப் பற்றியது என்று தேர்வு நாளில் தெரிந்துகொண்ட நெறியாளர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தேர்வாளர் பேனா மூடியைத் திறந்தார். சின்னச் சின்னக் கேள்விகள், எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அம்மா, அடிப்படையான ஒண்ணு. இது இயற்பியல்தானா? உங்க நெறியாளரே காலையில எங்கிட்ட ஒரு கதை சொன்னார்." சொல்லியே விட்டார். என்னைவிட நன்றாகச் சொன்னார். தரகர் குரல் எல்லாம் போட்டார்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. யாக்கோபும் சிரித்தார், தொடையில் தட்டிக்கொண்டு. மகளுடைய ஏழு வருடத்தைப் பற்றிய கதை அது என்று அவருக்குத் தெரியாது. நல்ல கதை, சிரித்தார். எட்டு வருடத்தில் அந்தக் கதைக்கு ஒருவர் சிரித்து நான் தலையைக் குனிந்தது அன்றைக்குத்தான்.

எஸ்தர் சிரிக்கவில்லை. லேசர் புள்ளி இன்னும் திரையில் கிடந்தது. அதை அணைத்தார்.

"சார் சொன்ன கதை நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா எங்க ஊட்ல ஜாதகம் பாக்கறதில்லீங்க. மாப்பிள்ளை எந்த ஊர்ல இருக்காருன்னுதான் விசாரிப்போமுங்க. நான் மாப்பிள்ளை இருக்காருன்னு சொல்ல வரலீங்க. எந்தெந்த ஊர்ல இல்லைன்னு விசாரிச்சுப்போட்டு வந்திருக்கேனுங்க. நாலாவது அத்தியாயத்துல இருக்குதுங்க."

இப்போது சிரிப்பு வேறு மாதிரி வந்தது. தேர்வாளரும் புன்னகைத்தார். ஆனால் விடவில்லை. "சரி. எல்லா ஊரும் அடிபட்டுட்டா ஸ்ட்ரிங் தியரி தப்புன்னு ஒத்துக்குவீங்களா?"

"என் கணக்குல இருக்கற மாடலுங்க எல்லாம் செத்துப்போகுமுங்க. மொத்தத் தியரி சாகாதுங்க. சுருள் இன்னும் சின்னதுன்னு சொல்லித் தப்பிச்சுக்குமுங்க. அதுதானுங்க அதோட குறை. அதையும் அந்த அத்தியாயத்தோட கடைசியில எழுதீருக்கேனுங்க."

ஒளிக்காமல் சொன்ன பதில். அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் தேர்வாளர் கறாரான ஆள். ஆய்வேட்டின் முதல் பக்கங்களைப் புரட்டி, என் பச்சைக் கையெழுத்தில் விரல் வைத்தார்.

"எல்லாம் அந்த நாலாவது அத்தியாயத்துல நிக்குது. பழைய நெறியாளர் காலத்துல அது எழுதப்படலை. கணக்கைச் சரிபார்த்ததா நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்களுக்கே இதுல நம்பிக்கை இல்லைன்னு காலையில தெரிஞ்சுது. கேக்கறேன், சரிபார்த்தீங்களா? இல்லைன்னா நான் மறுதேர்வுக்குத்தான் எழுதணும்."

மறுதேர்வு என்றால் ஆறு மாதம். பதிவுக்காலம் அதற்குள் முடிந்துவிடும். அது எனக்குத் தெரியும், எஸ்தருக்கும் தெரியும்.

நண்பர்களே, "ஆமாங்க" என்பது நம் ஊரில் மிகச் சுலபமான சொல். மூச்சு விடுகிற மாதிரி வரும். அன்றைக்கு அது என் நாக்கு நுனியில் வந்து செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு நின்றது. சொல்லியிருந்தால் எஸ்தருக்குப் பட்டம், எனக்கு மானம், எல்லோருக்கும் இளநீர். யாருக்கு என்ன நட்டம்?

எஸ்தர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். நான் "ஆமாங்க" என்றால் அவரும் அந்தப் பொய்யை வாயை மூடிக்கொண்டு சேர்ந்து சுமக்க வேண்டும். அவர் அப்பா முன்னால், சக ஆசிரியைகள் முன்னால். "இல்லைங்க" என்றாலோ அவர் பட்டம் போகும். இரண்டிலும் விலை கொடுப்பது அவர். தப்பு செய்தவன் நான். கணக்கு எவ்வளவு கோணலாக இருக்கிறது பாருங்கள்.

முதலில் என் வழக்கப்படி சிரிப்புக் காட்டிப் பார்த்தேன். "அதுங்க சார், நான் பரிமாணம் பரிமாணமாப் படிக்கிறவனுங்க..." ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் ஒருவர் இருமினார்.

"இல்லைங்க. நான் படிக்கலீங்க" என்றேன்.

தேர்வாளர் பேனாவை மூடினார். "அப்ப இந்தச் சான்றிதழ்?"

"பொய்யுங்க. பொய் என்னுதுங்க, அவங்களுது இல்லீங்க. ஒரே ஒரு வேண்டுகோளுங்க. இப்ப சரிபார்க்கறேன். இங்கயே, போர்டுல, எல்லாருக்கும் முன்னால. அவங்க முதல் வரியிலிருந்து போட்டுக் காட்டட்டுங்க. எனக்குப் புரியாத எடத்துல எல்லாம் நிறுத்திக் கேப்பேன். முடிஞ்சதுக்கு அப்பறம் நீங்க என்ன எழுதுனாலும் சரிங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எஸ்தரைப் பார்த்தார். "சம்மதமா அம்மா?"

எஸ்தர் திரையைச் சுருட்டிவிட்டுச் சாக்பீஸ் எடுத்தார்.

இரண்டரை மணி நேரம். நான் முன்வரிசையில் யாக்கோபுக்குப் பக்கத்தில் நோட்டுடன் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் கேட்ட கேள்விகளை வெளியில் சொன்னால் என் ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்கள். "இந்தக் குறி என்னதுங்க?" என்றேன். "அது ஒண்ணுமில்லீங்க சார், கூட்டல்தானுங்க, கொஞ்சம் அலங்காரமா" என்றார் எஸ்தர். மாணவர்கள் ரசித்தார்கள். தங்கள் துறைத்தலைவர் இவ்வளவு முட்டாள் என்பது அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாதிப் பேர் போகவே இல்லை.

எனக்கு ஒன்று புரிய ஆரம்பித்தது. இதில் மாயம் எதுவும் இல்லை. ஒரு வரியிலிருந்து அடுத்த வரி, அதிலிருந்து அடுத்தது. நான் ஆய்வுக்கூடத்தில் செய்வதைவிட நேர்மையாகக்கூட இருந்தது. என் மீட்டர் சில நாள் நான் ஆசைப்பட்டதைக் காட்டியதுண்டு. இந்தக் கணக்கு யார் ஆசைக்கும் வளைந்து கொடுக்கவில்லை.

கடைசியாகப் படம் வரைந்தார். கீழ்க்கோட்டில் சுருளின் அளவு. அதில் ஓர் இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு: அதற்கு வலப்பக்கம் எல்லாம் அடிபட்ட ஊர்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு பழைய அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் உருளை ஒன்று கடையக் கொடுத்தேன். தாளில் ஆரத்தை எழுதிக் கொடுத்திருந்தேன். பட்டறைக்காரர்கள் விட்டத்தில்தான் வேலை செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. பாதி அளவில் ஒரு பொம்மை வந்தது. நான் கத்தினேன். அந்த லேத்காரர், பெயர்கூடக் கேட்டுவைக்கவில்லை, எண்ணெய்க் கையைத் துடைத்தபடி சொன்னார்: "உருண்டையா எது கொண்டு வந்தாலுமுங்க, அளவு குறுக்கவா, பாதியா, சுத்தியான்னு கேக்காம நான் மிஷினை ஓட்டக் கூடாதுங்க. கேக்காதது என் தப்பு. எழுதாதது உங்க தப்புங்க." பட்டத்துக்கு வெளியே நான் கற்ற ஒரே இயற்பியல் அது.

போர்டில் இருந்ததும் உருண்டையான பொருள். எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"அம்மணி, இந்த அளவு ஆரமுங்களா, சுத்தளவுங்களா?"

"சுத்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். போர்டைப் பார்த்தார். மூன்று வரி மேலே போனார். அங்கே ஆரம். இரண்டு வரி கீழே வந்தார். அங்கே சுற்றளவு. நடுவில் ஓரிடத்தில் ஒன்று மற்றொன்றாக மாறியிருந்தது, யாருக்கும் சொல்லாமல்.

நான் செத்தேன். உதவி செய்யப் போய்க் கழுத்தை அறுத்துவிட்டேனா? ஏதாவது சொல்லி மழுப்பலாமா என்றுகூட நினைத்தேன். மழுப்புவதில் எனக்கு முப்பது வருட அனுபவம்.

எஸ்தர் திரும்பினார். "தப்புங்க" என்றார். "என் தப்புங்க சார். சுத்தளவு ஆரத்தைப் போல ஆறேகால் மடங்குக்கு மேல வருதுங்க." டஸ்டரை எடுத்து அந்தச் செங்குத்துக் கோட்டை அழித்தார். வலப்பக்கம் தள்ளிப் புதிதாகப் போட்டார். "இந்த எடத்தை எல்லாம் அடிபட்டுப்போச்சுன்னு எழுதீட்டேனுங்க. அடிபடலீங்க. இன்னும் விசாரிக்கோணுமுங்க." கோடு நேராக இருந்தது.

தேர்வாளர் தன்னிடம் இருந்த பிரதியில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். பென்சிலில் ஒரு டிக் இருந்தது. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அதைத் தூக்கிக் காட்டினார். "நானும் சரின்னு போட்டிருக்கேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

எல்லோரையும் வெளியே அனுப்பினோம். நாங்கள் இருவர் மட்டும். அவர் அறிக்கைத் தாளை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார்.

"உங்களைப் பத்தி எழுதலாமா?"

"எழுதுங்க."

"எழுதினா அந்தம்மா பேப்பர்லயும் அந்தக் கறை இருக்கும்." பிறகு எழுதினார். தேர்ச்சி. நாலாவது அத்தியாயம் திருத்தப்பட வேண்டும். திருத்தியதன் ஒவ்வொரு பக்கத்திலும் நெறியாளர் படித்துக் கையெழுத்திட வேண்டும். 'படித்து' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

கதவைத் திறந்து அறிவித்தார். ஆசிரியைகள் எஸ்தரைக் கட்டிக்கொண்டார்கள். யாக்கோபு அரிவாளும் இளநீருமாக வாசலில் நின்றவர் நேரே தேர்வாளரிடம் வந்தார்.

"ஏனுங்க, நான் படிக்காதவனுங்க. தப்பு வெளிய வந்துச்சுங்களே, அப்பறமும் பாஸுங்களா?"

"தப்புன்னு காட்ட முடிஞ்சுதே, அதனாலதான் ஐயா பாஸு. காலையிலிருந்து நான் கேட்டுட்டிருந்ததும் அதுதான்."

யாக்கோபுக்கு அது விளங்கியதா தெரியவில்லை. காயைச் சீவி அவர் கையில் கொடுத்தார். என் கையிலும் ஒன்று கொடுத்தார். நான் என்ன செய்தேன் என்று முன்வரிசையில் இருந்து பார்த்தவர், அதற்குப் பிறகும் கொடுத்தார். அதைக் குடிக்கச் சிரமமாக இருந்தது.

ஆக, போனில் கேட்டவருக்குப் பதில். அந்த மாணவியைச் செய்ய விடுங்கள். ஸ்ட்ரிங் தியரி மொத்தமும் இயற்பியலா என்றால் எனக்கு இன்னும் தெரியாது. எங்கே பிடித்தாலும் நழுவுகிற ஒன்றை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன், நீங்களும் பாருங்கள். ஆனால் அதன் ஒரு மூலையைப் பிடித்து, "இது இப்படி இருந்தால் அங்கே அது தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் என் கணக்குப் போச்சு" என்று ஒருவர் எழுதித் தந்தால், அவர் செய்வது இயற்பியல். அப்படி ஒரு பக்கத்தை அந்தப் பெண்ணிடம் முதலில் எழுதி வாங்குங்கள். கேலி செய்யலாம், நானே செய்கிறேன். படித்துவிட்டுக் கேலி செய்யுங்கள்.

மூன்று வாரம் கழித்துச் சனிக்கிழமை எஸ்தர் வந்தார். திருத்திய அத்தியாயம், நாற்பத்தொரு பக்கம், என் மேசையில் வைத்தார்.

"வெச்சுட்டுப் போங்க அம்மணி, பாத்துடறேன்."

"இல்லீங்க சார். நீங்க படிங்க. நான் உக்காந்திருக்கேனுங்க." எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார்.

பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. ஒரு பக்கம் படித்தேன், கையெழுத்துப் போட்டேன். நான் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டியபோது விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "நடுவுல ஒண்ணு இருக்குதுங்க சார்" என்றார். நாலு மணி ஆனது.

"பஸ் போயிருமுங்க அம்மணி."

"போனாப் போகுதுங்க. அடுத்தது இருக்குதுங்க."

முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு வரி எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். எஸ்தர் விடைத்தாள்களை மூடிவிட்டு, நாற்காலியை என் பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.